‘இகிரு’ (1952): நாயகன் இறந்தபின் இன்னும் ஐம்பது நிமிடம் ஏன்?

#1 | நிழல்வெளி

குரோசாவாவின் ‘இகிரு’ பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் நேராகப் பனியில் ஊஞ்சலாடும் காட்சிக்குப் போய்விடுகிறார்கள். அதைச் சற்று நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, இந்தப் படம் சாவை எங்கெங்கே வைத்திருக்கிறது என்று பார்க்கத்தான் இந்த இழை. முடிவு வரை பேசப்போகிறோம். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

படம் 143 நிமிடம். முதல் ஷாட்டில் மனிதரே இல்லை, ஒரு வயிற்றின் எக்ஸ்ரே. இது நம் கதாநாயகனின் வயிறு, இரைப்பைப் புற்றுநோய் தெரிகிறது, அவருக்கு இன்னும் தெரியாது என்கிறது பின்குரல். நகராட்சி அலுவலகத்தில் ஒரு பிரிவுத் தலைவரான நாயகன் வதனாபேயின் முகத்தைக் காட்டுவதற்கு முன்பே அவருடைய சாவைக் காட்டிவிடுகிறார்கள். ஆக, பிழைப்பாரா மாட்டாரா என்ற எதிர்பார்ப்பு முதல் நிமிடத்திலேயே தீர்ந்துபோகிறது. பிறகு மூன்றில் இரண்டு பங்கு ஓடியதும் அதே பின்குரல் திரும்ப வருகிறது: ஐந்து மாதம் கழித்து நாயகன் இறந்துவிட்டார். அடுத்து வருவது சடங்கு மேடையில் அவருடைய படம். அவர் உயிரோடு செய்த ஒரே பெரிய வேலை, அதாவது பெண்கள் சிலர் மனுக் கொடுத்துக் கேட்டபடி கொசு மொய்த்த ஒரு குட்டையைக் குழந்தைகள் பூங்காவாக்கியது, அந்த ஐந்து மாதத்தில்தான் நடந்திருக்கிறது. அதைத் தாண்டிக் குதித்துவிடுகிறது கதை.

அந்த வேலையை நேரே காட்டாமல் துக்க வீட்டில் குடித்துக்கொண்டிருக்கும் சக ஊழியர்களின் வாயால் ஏன் கேட்க வைக்க வேண்டும்? கடைசி அலுவலகக் காட்சி இதையெல்லாம் பொய்யாக்குகிறதா? இந்த இரண்டு கேள்விகள்தான்.

#2 | கோப்புக்கட்டு

முதல் கேள்விக்கு வருமுன் முதல் பத்து நிமிடத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். பின்குரல் அங்கேயே இன்னொரு தீர்ப்பையும் சொல்கிறது: இந்த மனிதர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் செத்துப்போனவர்தான், நேரத்தைக் கொன்றுகொண்டிருக்கிறார், அவ்வளவுதான். எக்ஸ்ரேயில் தெரிவது இரண்டாவது சாவு.

முதல் சாவுக்கு ஆதாரமாகப் படம் வைக்கும் பொருள்களைப் பாருங்கள். மேசையில் கோப்புகள், கையில் கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் பெயர் முத்திரை. முத்திரையைத் துடைக்கக் காகிதம் தேடி இழுப்பறையைத் திறக்கிறார். அலுவலகத் திறனை உயர்த்துவது பற்றிய பழைய திட்ட வரைவு ஒன்று கிடக்கிறது. அதன் முதல் பக்கத்தைக் கிழித்து முத்திரையைத் துடைத்துவிட்டுக் குப்பையில் போடுகிறார். வசனமே இல்லை. எப்போதோ இந்த மேசையில் ஓர் ஆசை இருந்தது என்பதையும் அது இப்போது துடைப்புத் தாள் ஆகிவிட்டது என்பதையும் சில நொடிகளில் சொல்லி முடித்தாயிற்று.

அந்த முத்திரையை விடாமல் பின்தொடருங்கள். ஊழியர் தோயோ வேலையை விட்டு விலக நினைக்கும்போது, அவளுக்கு அவர் தேவைப்படுவது அந்த முத்திரைக்காக மட்டுமே. அவர் அலுவலகம் வராததால் தெருவில் தேடிப் பிடிக்கிறாள். கடைசியில் அவர் இறந்த இரவு, மகனுக்காக மாடிப்படியருகே வைத்துவிட்டுப்போன பொட்டலத்தில் வங்கிப் புத்தகத்தோடு அந்த முத்திரையும் இருக்கிறது. ஆரம்பத்தில் அவர் முழுக்க அந்த முத்திரையாகவே இருந்தார். முடிவில் அதைக் கழற்றி வைத்துவிட்டுப் பூங்காவுக்குப் போயிருக்கிறார். ஊஞ்சலைவிட எனக்கு இதுதான் பெரிய குறியீடு. யாரும் இதைப் பற்றி எழுதாதது வருத்தம்.

#3 | ஒலித்தடம்

காது வழியாகவும் பார்க்கலாம். மருத்துவமனைக் காட்சி இப்படி அடுக்கப்பட்டிருக்கிறது:

முதலில் காத்திருப்பு அறையில் ஒரு நோயாளி வலியப் பேச்சுக் கொடுக்கிறார். ‘லேசான அல்சர்தான், அறுவை சிகிச்சை வேண்டாம், பிடித்ததைச் சாப்பிடுங்கள்’ என்று டாக்டர் சொன்னால் ஓராண்டுகூடத் தாங்காது என்கிறார். அடுத்து புற்றுநோய்க்காரருக்கு என்னென்ன அறிகுறி வரும் என்று அடுக்குகிறார். ஒவ்வொன்றுக்கும் வதனாபே இருக்கையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே போகிறார். பிறகு டாக்டர் அதே சொற்களை அப்படியே சொல்கிறார். தீர்ப்பைச் சொன்னது முன்பின் தெரியாத ஒரு வாயாடி. அதை மறைத்துப் பேசித் தீர்ப்பை உறுதிசெய்தவர் மருத்துவர்.

அதற்குப்பின் அவர் தெருவில் நடக்கிறார். ஒலி முழுதாக அறுந்துவிடுகிறது. வண்டிகள் போகின்றன, சத்தமில்லை. சாலையைக் கடக்கக் காலெடுத்து வைக்கும் கணத்தில் ஒரு லாரி உரசிக்கொண்டு போக, நகரத்தின் இரைச்சல் மொத்தமும் ஒரேயடியாகத் திரும்புகிறது. சாகப்போகிறவருக்குச் சாவு பயத்தைக் காட்டியது நோயல்ல, லாரி. உடம்பு ‘இருக்க வேண்டும்’ என்று துள்ளி விலகுகிறது. புற்றுநோயைக் கேட்ட பிறகு அவர் உயிரோடு இருப்பதற்கு முதல் சாட்சி அந்தத் துள்ளல்.

#4 | மூன்றாம்வரிசை

எல்லாம் சரி, ஆனால் இழையின் போக்கில் எனக்குக் கொஞ்சம் தயக்கம். முத்திரை ஒரு குறியீடு, தொப்பி ஒரு குறியீடு, முயல் பொம்மை ஒரு குறியீடு என்று பட்டியல் போட்டால் படம் ஒரு விடுகதைப் புத்தகமாகிவிடும். குரோசாவா அப்படிப்பட்ட இயக்குநர் இல்லை. புதுத் தொப்பி என்பது பழைய தொப்பியை இரவுக் கேளிக்கையில் ஒரு பெண் பறித்துக்கொண்டு ஓடியதால் வாங்கியது, அவ்வளவுதான். அதற்கு மறுபிறப்பு என்று பெயர் வைப்பது நம் ஆசை.

குறியீட்டை நானும் மறுக்கவில்லை. ஆனால் அது வெளிப்படையாக வருகிற இடம் ஒன்றுதான். மதுக்கடையில் சந்திக்கும் எழுத்தாளன், ‘இன்று இரவு நான் உங்களுக்கு மெஃபிஸ்டோஃபிலிஸ், ஆனால் கூலி கேட்காத நல்லவன்’ என்கிறான். கூடவே ஒரு கறுப்பு நாய் வருகிறது. ஆன்மாவை விலையாகக் கேட்கும் அந்தச் சாத்தான் வரும் கேதேயின் ‘ஃபாஸ்ட்’ நாடகத்தை நேராகக் கை காட்டுகிறார்கள். படத்தில் எனக்குப் பலவீனமாகப் படும் இடமும் அதுவே.

#5 | நிழல்வெளி

மூன்றாம்வரிசை, தொப்பி விஷயத்தில் உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். தொப்பிக்கு அகராதிப் பொருள் தேட வேண்டாம். கதையில் அது என்ன வேலை செய்கிறது என்று மட்டும் பார்ப்போம்.

புதுத் தொப்பியோடு தெருவில் வருபவரைத் தோயோ வியந்து பார்க்கிறாள். அலுவலகத்துக்குத் திரும்பும்போதும் அதே தொப்பி. எல்லோர் கண்ணிலும் படுகிறது, ஆனால் அதற்குள் இருக்கும் மனிதர் ஏன் மாறினார் என்று ஒருவருக்கும் தெரியாது. துக்க வீட்டில் ஒரு போலீஸ்காரர் அழுக்கான அந்தத் தொப்பியைக் கொண்டுவந்து கொடுக்கிறார், பூங்காவில் கிடந்தது என்கிறார். அந்த இரவில் நடந்ததை அவர் சொல்வதற்கு வழி திறப்பதே தொப்பிதான். வழக்கில் தடயப் பொருள் எப்படியோ அப்படி. அதனால்தான் எனக்கு இது முக்கியம்.

முயலும் அப்படியே. தோயோ வேலைக்குச் சேர்ந்த பொம்மைத் தொழிற்சாலையில் செய்யும் சாவி முயல் அது. இதைச் செய்யும்போது ஜப்பானின் ஒவ்வொரு குழந்தையோடும் சிநேகமானது போல இருக்கிறது என்கிறாள். வதனாபே கேட்டது ‘நீ எப்படி இவ்வளவு உயிர்ப்போடு இருக்கிறாய்’ என்று. அவளுக்குத் தத்துவம் தெரியாது, செய்வதைத்தான் காட்டத் தெரியும். மேசையில் முயல் தத்துகிறது. தாமதமாகிவிடவில்லை என்று எழுந்து படியிறங்கி ஓடுகிறார். மாடியில் யாருடைய பிறந்தநாளுக்கோ காத்திருக்கும் இளைஞர் கூட்டம் ‘ஹேப்பி பர்த்டே’ பாடுகிறது. பாட்டு மேலே ஏறி வரும் பெண்ணுக்கு, கீழே இறங்குவது இவர். இந்த இடத்தில் மறுபிறப்பு என்று சொன்னால் அது நம் ஆசை இல்லை, இயக்குநரே சத்தமாகச் சொல்கிறார்.

#6 | கத்தரிமேசை

கேள்விக்கு வருகிறேன். வேலையை நேரே காட்டாதது ஏன்?

காட்டியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசியுங்கள். ஒரு நல்ல மனிதர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, கடைசியில் ஜெயிக்கிறார், பிறகு இறக்கிறார். நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோவோம். மூன்று பேர் சேர்ந்து எழுதிய திரைக்கதை இது: குரோசாவா, ஷினோபு ஹாஷிமோட்டோ, ஹிடேயோ ஓகுனி. நடுவிலேயே நாயகன் இறந்துவிட வேண்டும் என்ற யோசனை ஓகுனியுடையது. அந்த ஒரு முடிவு, உருக்கமான கதையை ஒரு விசாரணையாக மாற்றிவிட்டது.

துக்க வீட்டை ஒருமுறை காகிதத்தில் வரைந்து பாருங்கள். யார் எப்போது இருக்கிறார்கள், யார் போனபின் என்ன பேச்சு மாறுகிறது என்று.

முதலில் துணை மேயர் இருக்கிறார். பத்திரிகைக்காரர்கள் வாசலில் வந்து, பூங்காவைக் கட்டியது வதனாபேதானே, திறப்பு விழாவில் அவர் பெயரே சொல்லப்படவில்லையே என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். அவர் உள்ளே வந்து, பூங்கா என்பது துறைகளின் சாதனை, தனி ஒருவருடையதல்ல என்று விளக்குகிறார். எல்லோரும் தலையாட்டுகிறார்கள்.

அப்போது குட்டைப் பகுதிப் பெண்கள் உள்ளே வருகிறார்கள். ஊதுபத்தி வைக்கிறார்கள், அழுகிறார்கள், ஒரு வார்த்தைகூட விளக்கவில்லை. துணை மேயரின் பேச்சு முழுவதும் அந்த அழுகையில் உதிர்ந்துவிடுகிறது. அவர் நெளிந்து, தம் ஆட்களோடு கிளம்பிவிடுகிறார்.

மேலதிகாரி போனதும் சாகே ஓடுகிறது, நாக்கு அவிழ்கிறது. முதலில் வதனாபேயைக் குறைத்துத்தான் பேசுகிறார்கள்: தற்செயல், தேர்தல் நேரம், பூங்காத் துறையின் கடமை. பிறகு ஒவ்வொருவரும் தான் கண்ட ஒரு துண்டைச் சொல்கிறார். ஒரு துறைத் தலைவரின் முன்னால் குனிந்தபடி அசையாமல் நின்றது. அந்த இடத்தைத் தங்கள் கடைகளுக்குக் கேட்ட ரவுடிகள் நடைவழியில் மறித்து ‘உயிர்மேல் ஆசை இல்லையா’ என்றபோது பதில் சொல்லாமல் சிரித்தது. ‘யார்மீதும் கோபப்பட எனக்கு நேரமில்லை’ என்றது. சூரியன் மறைவதைப் பார்த்து, எவ்வளவு அழகு, முப்பது வருடமாகப் பார்க்கவே மறந்துபோனேன் என்று சொல்லிவிட்டு உடனே கிளம்பியது.

ஒவ்வொரு துண்டும் அதைச் சொல்பவருக்கே அன்று புரியாதது. அவருக்குத் தன் நோய் தெரியும் என்ற ஒரு தகவலைச் சேர்த்தால்தான் எல்லாம் பொருந்துகிறது. அந்தத் தகவல் நமக்கு முதல் ஷாட்டிலிருந்து தெரியும். அவர்கள் அதை எட்டிப்பிடிக்க அரை இரவு ஆகிறது. ஐம்பது நிமிடம் எதற்கு என்றால் இதற்குத்தான்.

இன்னொன்று. மூன்றாம்வரிசை, நீங்கள் ஊஞ்சல் காட்சியை மறுபடி பாருங்கள். அது இயக்குநர் நமக்குத் தரும் நேரடிக் காட்சி அல்ல, போலீஸ்காரரின் வாக்குமூலம். பனியில் குடிகாரன் என்று நினைத்து விட்டுவிட்டேனே என்ற குற்றவுணர்வோடு அவர் சொல்வது. கேமரா அந்த மனிதரை முதலில் விளையாட்டுக் கம்பிக்கூண்டின் சட்டங்கள் வழியாகத்தான் காட்டுகிறது, பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே. படம் முழுக்கக் காகித அடுக்குகளுக்குப் பின்னால் பார்த்த முகத்தை இங்கே குழந்தைகளுக்கான கம்பிகளுக்குப் பின்னால் பார்க்கிறோம்.

#7 | திரைமன்றம்

நண்பர்களே, எங்கள் சங்கத்தில் அடுத்த மாதம் இதைத் திரையிடுகிறோம். அரங்கில் ஒரு இடைவேளை கட்டாயம். வதனாபே இறந்த அறிவிப்பில் நிறுத்தலாம் என்று குழுவில் சொல்கிறார்கள். சரியா? வேறு கவனிக்க வேண்டியது ஏதாவது?

#8 | ஒலித்தடம்

அங்கே மட்டும் நிறுத்தாதீர்கள். ஒரு மனிதர் மனுவைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்புகிறார், அடுத்த கணம் அவர் படமாகிவிட்டார். அந்த இடைவெளியற்ற வெட்டில்தான் அதிர்ச்சி இருக்கிறது. விளக்கைப் போட்டு டீ கொடுத்தால் அது அத்தியாய முடிவு போல ஆகிவிடும். பார்வையாளர் சாவை ஏற்றுக்கொண்டு திரும்பி வருவார், துக்க வீட்டில் தானும் திகைத்து உட்கார்ந்திருக்க மாட்டார்.

எழுத்தாளனோடு சுற்றிய இரவு முடிந்து, மறுநாள் தெருவில் தோயோ அவரைச் சந்திப்பதற்கு முன் நிறுத்துங்கள். கதை மூச்சு விடும் இடம் அது. இரண்டாம் பாதி நீளமாக வரும், பரவாயில்லை.

புரொஜக்டர் இயக்குபவரிடம் மூன்று விஷயம் சொல்லிவையுங்கள்.

தெருவில் ஒலி அறுந்துபோகும் இடத்தில் ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்து வால்யூமைக் கூட்டுவார்கள். பிறகு லாரி வந்து காதைக் கிழிக்கும். காட்சி முடியும் வரை கை வைக்க வேண்டாம்.

படம் பழைய 1.37 விகிதம், கிட்டத்தட்டச் சதுரம். அகலத் திரையை நிரப்ப ஜூம் செய்தால் மேலும் கீழும் வெட்டுப்படும். வதனாபே போர்வைக்குள் அழும் காட்சியில் கேமரா சுவரில் இருக்கும் இருபத்தைந்தாண்டுச் சேவைச் சான்றிதழுக்கு ஏறுகிறது. ஃப்ரேமின் மேல்பகுதி போனால் அந்த ஏற்றத்தின் எடையும் போய்விடும். இரு பக்கமும் கறுப்புப் பட்டையோடு விடுங்கள்.

வெளிச்சத்தை உயர்த்தி வைத்தால் கடைசிப் பனிக் காட்சி வெளுத்துச் சாம்பலாகிவிடும். முதல் எக்ஸ்ரே ஷாட்டை வைத்துச் சரிபாருங்கள். பின்னணி கருமையாகவும் வயிற்றின் வடிவம் தெளிவாகவும் தெரிந்தால் போதும்.

#9 | கோப்புக்கட்டு

திரையிடலுக்கு முன் பேசுபவர் பாட்டைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுவது நல்லது. வதனாபே பாடும் ‘கொண்டோலா நோ உத்தா’ 1915இல் வந்த பாட்டு. வரிகள் இசாமு யோஷீ, இசை ஷின்பெய் நகயாமா. வாழ்க்கை குறுகியது, இதழின் சிவப்பு மங்குமுன் காதலி, பெண்ணே என்று இளம்பெண்களிடம் சொல்வது.

படத்தில் இது இரண்டு முறை வருகிறது. முதல் முறை இரவு விடுதியில். ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்று, மெல்ல அவரைவிட்டு விலகுகிறார்கள். கண் சிமிட்டாமல், குரலே இல்லாத குரலில் தகாஷி ஷிமுரா பாடுகிறார். அங்கே அது இழந்ததைப் பற்றிய ஒப்பாரி. இரண்டாம் முறை ஊஞ்சலில். சொல், மெட்டு, ஆள் எல்லாம் ஒன்றே, ஆனால் மிகவும் மகிழ்ச்சியாகப் பாடினார் என்கிறார் போலீஸ்காரர். நடுவில் மாறியது ஒரு பூங்கா. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், ஷிமுரா என்ன செய்திருக்கிறார் என்று தெரியும். படம் வந்தபோது அவருக்கு வயது 47தான்.

#10 | மூன்றாம்வரிசை

கத்தரிமேசை சொன்ன விசாரணை வாதம் என்னை ஏற்கவைக்கிறது. அதோடு டால்ஸ்டாயைச் சேர்க்க வேண்டும். படத்துக்கு விதையான ‘இவான் இலியிச்சின் மரணம்’ (1886) சாவுச் செய்தியோடுதான் தொடங்குகிறது. சக நீதிபதிகள் செய்தித்தாளில் படித்ததும் காலியான பதவி யாருக்கு என்று கணக்குப் போடுகிறார்கள். பிறகு கதை பின்னோக்கிப் போய் அந்த மனிதரின் உள்ளேயே கடைசி வரை இருக்கிறது. குரோசாவா சாவுச் சடங்கைப் பின்னால் தள்ளிவிட்டார். டால்ஸ்டாயின் நாயகனுக்கு ஒளி கிடைப்பது கடைசி மணிகளில், மனத்துக்குள். வதனாபேக்கு நோய் தெரிந்தபின் ஐந்து மாத வேலை கிடைக்கிறது, அது ஊருக்கு நடுவில் மண்ணிலும் கம்பியிலும் நிற்கிறது. இருவரும் ஒரே நோயாளியின் இரு வடிவம் என்று பலர் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன்.

ஆனால் இரண்டாம் கேள்வியில் என் கருத்து கசப்பானது. துக்க வீட்டில் குடித்துவிட்டு ‘இனி நாமும் அவரைப் போல’ என்று அழுதுகொண்டே சபதம் செய்தவர்கள், பிறகு சக ஊழியர் ஓனோவைப் பிரிவுத் தலைவராக்கி, வந்த மனுவைப் பொதுப்பணிப் பிரிவுக்கு அனுப்புகிறார்கள். தொடக்கத்தில் அந்தப் பெண்களை எந்தச் சுற்றுக்கு அனுப்பினார்களோ அதே சுற்று. கிமுரா என்ற ஊழியர் நாற்காலி சரிய எழுந்து நிற்கிறார். ஓனோ பார்க்கிறார். கிமுரா மெல்ல உட்கார, காகித அடுக்கு அவர் முகத்தை மூடிவிடுகிறது. ஒரு மனிதரின் அர்த்தமுள்ள சாவு யாரையும் மாற்றவில்லை.

#11 | கத்தரிமேசை

அந்தப் பெண்களை ஏன் கணக்கிலிருந்து விட்டுவிடுகிறீர்கள்?

தொடக்கச் சுற்றைப் பாருங்கள். ஒரு கவுண்டர் அடுத்ததைத் துடைத்துத் தள்ளுவது போல ‘வைப்’ (wipe) வெட்டு மேல் வெட்டு. சுகாதாரம், பூங்கா, பொதுப்பணி என்று போய்த் துணை மேயர் வரை ஏறி, அவர் மறுபடி வதனாபேயின் பிரிவுக்கே அனுப்புகிறார். ஒவ்வொரு வெட்டிலும் அதிகாரி மாறுகிறார், மனுவோடு நிற்பவர்கள் மாறவில்லை. துக்க வீட்டுக்கு அழைக்காமலே வருபவர்களும் அவர்கள்தான். நகர மன்றம் மாறியதா என்பது ஒரு கேள்வி. கொசு மொய்த்த குட்டை இருந்த இடத்தில் குழந்தைகள் ஆடுவது இன்னொரு உண்மை. இரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்யவில்லை.

கிமுராவையும் அவசரப்பட்டுத் தள்ளாதீர்கள். அவர் உட்கார்ந்ததோடு படம் முடியவில்லை. மாலையில் பாலத்தின் மேலிருந்து பூங்காவைப் பார்த்து நிற்கிறார், ஒரு தாய் பிள்ளையைச் சாப்பிட அழைக்கிறாள். வதனாபே சூரியன் மறைவதைப் பார்த்த மாதிரியான ஒரு மேடான இடம். எழுந்து நிற்கத் தெரிந்தவர் அந்த அலுவலகத்தில் அவர் ஒருவர்தான். வதனாபே முப்பது வருடத்தில் ஒருமுறைகூட நாற்காலியைச் சாய்க்கவில்லை.

#12 | திரைமன்றம்

மிகவும் நன்றி. இடைவேளையை மாற்றிவிட்டோம். பிந்திய உரையாடலுக்கு ஒரு கேள்வி வேண்டும். ‘வாழ்க்கையின் அர்த்தம் என்ன’ என்று தொடங்கினால் கூட்டம் தத்துவத்தில் கரைந்துவிடுகிறது.

#13 | நிழல்வெளி

‘பூங்காவைக் கட்டியது யார்’ என்று கேளுங்கள். துக்க வீட்டில் சொல்லப்பட்ட பதில்களை ஒரு தாளில் எழுதி முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்: துணை மேயர், பூங்காத் துறை, பொதுப்பணித் துறை, தேர்தல், தற்செயல், அந்தப் பெண்கள், வதனாபே. ஒவ்வொரு பதிலுக்கும் படத்தில் எந்த ஷாட் ஆதாரம் என்று பார்வையாளர்கள் சொல்ல வேண்டும். ஷாட் சொல்ல முடியாத பதிலை அடித்துவிடலாம். துணை மேயருக்கு ஆதாரம் அவருடைய பேச்சைத் தவிர வேறு இல்லை என்பது சில நிமிடங்களிலேயே வெளியே வந்துவிடும். தேர்தல் என்பதை அடிக்க அதிக நேரம் பிடிக்கும். ரவுடிகள் வரும் காட்சியைத் தனியாக ஒருமுறை ஓட்டிக் காட்டத் தயாராக வைத்திருங்கள், வாக்குவாதம் அங்கேதான் சூடாகும்.